வானில் அளக்கும் வெப்பநிலையிலிருந்து எஞ்சின் இரைச்சலை நீக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு விமானத்திலோ ஆளில்லா வானூர்தியிலோ உணரியைப் பொருத்திக் காற்றின் வெப்பநிலையை அளக்கத் தொடங்குபவர்களின் முதல் வரைபடத்தில் காற்றைக் காட்டிலும் எஞ்சினே அதிகம் தெரியும். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களும், பொழுதுபோக்காக வானூர்தி கட்டுவோரும் இதைப் பற்றி எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எஞ்சின் எந்த வழியாக அளவீட்டுக்குள் நுழைந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அதை வெளியேற்ற முயலக் கூடாது என்பதே எல்லா விடைகளுக்கும் அடிப்படை. வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் தரப்பட்டுள்ளன.

எஞ்சின் இரைச்சல் என்பது காதில் கேட்கும் ஓசையா?

ஓசை அதில் ஒரு சிறு பகுதி. வளிமண்டலத்தின் வெப்பநிலையோடு தொடர்பின்றி, எஞ்சின் ஓடுவதால் மட்டுமே பதிவில் தோன்றும் ஏற்றத்தாழ்வுகள் அனைத்தையும் இங்கே இரைச்சல் என்கிறோம். அது நான்கு வழிகளில் வருகிறது.

முதலாவது மின்வழி. தீப்பொறிச் செருகிகளுக்குச் செல்லும் பல ஆயிரம் வோல்ட் மின்துடிப்புகளும், மின்னாக்கி எழுப்பும் அலைகளும், வானொலிக் கருவியின் ஒலிபரப்பும் உணரியின் கம்பிகளில் தொற்றிக்கொள்கின்றன. இரண்டாவது அதிர்வு. வெப்பநிலையை மின்தடை மாற்றத்தால் காட்டும் பிளாட்டினக் கம்பி இழுபட்டுத் தளரும்போதும் அதன் மின்தடை மாறுகிறது. பதிவுக் கருவியால் அந்த மாற்றத்தையும் வெப்பத்தால் வந்த மாற்றத்தையும் பிரித்தறிய இயலாது. மூன்றாவது வெப்பம். புகைபோக்கியிலிருந்து வெளிவரும் வாயுவும் எஞ்சின் உறையிலிருந்து கசியும் சூடான காற்றும் உணரியை நேரடியாகத் தொடுகின்றன. நான்காவதுதான் ஓசை. அழுத்தப்படும் காற்று சூடாகும், விரியும் காற்று குளிரும் என்பதால், 100 பாஸ்கல் வீச்சுள்ள அழுத்த அலை 30 டிகிரிக் காற்றில் சுமார் 0.085 டிகிரி வெப்ப ஏற்றத்தாழ்வை உண்டாக்கும். புரொப்பெல்லர் இறக்கையின் நுனிக்கு மிக அருகில் உணரியை வைத்தால் இந்த அளவு அழுத்தம் எதிர்பார்க்கக்கூடியதே. உணரி அப்போது பொய் சொல்லவில்லை. அந்த இடத்துக் காற்று உண்மையாகவே சூடாகிக் குளிர்கிறது. ஆனால் நாம் அளக்க வந்தது அந்தக் காற்றை அல்ல.

இத்தனை சிறிய அளவுகளுக்காக ஏன் கவலைப்பட வேண்டும்?

தேடும் பொருளும் அதே அளவு சிறியது என்பதால். கடற்காற்றின் முகப்பு, நிலத்திலிருந்து எழும் வெப்பக் குமிழ், மேகத்தின் ஓரம் ஆகியவற்றில் வெப்பநிலை ஒரு டிகிரியின் சில பத்திலொரு பங்குகளே மாறலாம். காற்றுக் கொந்தளிப்பை ஆராய்பவருக்கு நூறிலொரு பங்கும் தேவைப்படும். பரவலாகப் பயன்படும் 100 ஓம் பிளாட்டின உணரியின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் மாறுகிறது. அதில் 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினால் 0.01 டிகிரி மாற்றம் 4 மைக்ரோ வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்த மாற்றமாகவே வெளிப்படும். தாமிரமும் கான்ஸ்டன்டன் என்ற கலப்புலோகமும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையில் அது இன்னும் பத்து மடங்கு சிறியது. அந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே 14 அல்லது 28 வோல்ட் மின்சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதிர்வைப் பொறுத்தவரை, கம்பியின் மின்தடை பத்து இலட்சத்தில் 39 பங்கு மாறினாலே 0.01 டிகிரிப் பிழை வந்துவிடும்.

இரைச்சல் எந்த வழியாக வந்தது என்பதை எப்படிக் கண்டறிவது?

என் கருத்தில் இதற்கு மிகச் சிறந்த கருவி, சில காசுகளில் கிடைக்கும் ஒரு மின்தடைதான். உண்மையான உணரிக்குப் பக்கத்தில், அதே நீளமுள்ள கம்பியுடன், அதே வகைப் பெருக்கியில், வெப்பத்தால் அதிகம் மாறாத 110 ஓம் மின்தடை ஒன்றை இரண்டாம் தடமாக இணைத்துவிடுங்கள். பதிவுக் கருவி அதை எப்போதும் ஏறத்தாழ 25.7 டிகிரி என்றே காட்ட வேண்டும். எஞ்சினை இயக்கியதும் அந்தத் தடமும் துடித்தால், துடிப்பு மின்வழியில் வருகிறது. அந்தத் தடம் அமைதியாக இருக்க, உணரியின் தடம் மட்டும் துடித்தால் அதிர்வையோ வெப்பத்தையோ ஓசையையோ சந்தேகிக்கலாம். தரையில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு பறப்பிலும் இந்தப் போலி உணரியை எடுத்துச் செல்ல வேண்டும் என்பேன். எடை கூடுகிறது என்று முதலில் கழற்றப்படுவதும் இதுதான் என்பது வருத்தத்திற்குரியது.

இன்னொரு சோதனைக்குப் பொருள் எதுவும் தேவையில்லை. சிறிது கணக்கு போதும். உறையிட்ட சாதாரண உணரி ஒன்றின் மறுமொழிக் காலம் (வெப்ப மாற்றத்தை எட்டிப்பிடிக்க அது எடுக்கும் நேரம்) ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம். 80 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 80 முறை, மாறும் உண்மையான வெப்பநிலையை அத்தகைய உணரி சுமார் 500 மடங்கு குறைத்தே காட்டும். ஆகவே பதிவில் 80 ஹெர்ட்ஸில் 0.1 டிகிரி வீச்சு தெரிந்தால், காற்று 50 டிகிரி வீச்சில் ஆடியிருக்க வேண்டும் என்று பொருள்படும். அது நடக்காத காரியம். எனவே அந்தத் துடிப்பு வெப்பநிலையாக இருக்க வழியே இல்லை. மின்வழியிலோ அதிர்விலோ வந்ததாகவே இருக்கும். மெல்லிய வெறுங்கம்பி உணரிகளுக்கு இந்த வாதம் செல்லாது. வார்சா பல்கலைக்கழகத்தினர் மேகங்களுக்குள் அளப்பதற்காக உருவாக்கிய அதிவேக வெப்பமானியின் கம்பி 2.5 மைக்ரோமீட்டர் தடிமனே கொண்டது. அதற்கு 80 ஹெர்ட்ஸ் என்பது மெதுவான மாற்றம்.

எந்த அதிர்வெண்களில் தேட வேண்டும்?

எஞ்சினின் சுழல் வேகம் தெரிந்தால் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு எரிப்புகள் நிகழ்கின்றன. நிமிடத்துக்கு 2,400 சுழற்சி என்றால் வினாடிக்கு 40. எரிப்பு 80 ஹெர்ட்ஸ். புரொப்பெல்லர் நேரடியாக எஞ்சின் தண்டில் பொருத்தப்பட்டு அதற்கு இரண்டு இறக்கைகள் இருந்தால், இறக்கை கடக்கும் அதிர்வெண்ணும் அதே 80 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். பயிற்சி விமானங்கள் பலவற்றில் இந்த அமைப்பே உள்ளது என்பதால், பதிவை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரையும் நிறமாலையில் எழும் 80 ஹெர்ட்ஸ் மேட்டைப் பார்த்து அது எரிப்பினால் வந்ததா இறக்கையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

பற்சக்கரப் பெட்டி உள்ள எஞ்சின் இந்த வகையில் ஆராய்ச்சியாளருக்கு நண்பன். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சினின் குறைப்பு விகிதம் 2.43. அது 5,000 சுழற்சியில் ஓடும்போது எரிப்பு 166.7 ஹெர்ட்ஸிலும், மூன்று இறக்கைகள் உள்ள புரொப்பெல்லரின் துடிப்பு 102.9 ஹெர்ட்ஸிலும் தனித்தனியே தெரியும். இவற்றின் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களையும் பார்க்க மறக்கக் கூடாது. புரொப்பெல்லர் சமநிலை இழந்திருந்தால் அதன் ஒற்றைச் சுழற்சிக்குரிய 34.3 ஹெர்ட்ஸிலும் மேடு எழும்.

நான் வினாடிக்கு 20 முறைதான் பதிவு செய்கிறேன். 80 ஹெர்ட்ஸ் துடிப்பு என் பதிவில் வரவே வராது அல்லவா?

வரும், அடையாளம் மாறி வரும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வினாடிக்கு 20 முறை மாதிரி எடுக்கும் கருவி, 10 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் உள்ளபடி காட்டாது; அதைக் கீழே மடித்துப் போடும். 80 என்பது 20-இன் நான்கு மடங்கு. எனவே 80 ஹெர்ட்ஸ் துடிப்பு ஒவ்வொரு மாதிரியிலும் அலையின் அதே இடத்தில் பிடிபட்டு, அசையாத ஒரு பிழையாகப் பதிவாகும். சுழல் வேகம் 2,400-இலிருந்து 2,403-க்கு ஏறினால் துடிப்பு 80.1 ஹெர்ட்ஸ் ஆகிறது. பதிவில் அது 0.1 ஹெர்ட்ஸ், அதாவது பத்து வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெல்லிய அலையாகத் தோன்றும். வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்குப் பத்து வினாடி என்பது 600 மீட்டர். நண்பகலில் நிலத்திலிருந்து எழும் வெப்பக் குமிழ்களின் இடைவெளியும் ஏறத்தாழ இந்த அளவில் இருக்கக்கூடும். ஆய்வாளர் அதை மகிழ்ச்சியோடு வெப்பக் குமிழ் என்று எழுதிவிடுவார். எந்த விமானியும் சுழல் வேகத்தை 3 சுழற்சிக்குள் நிலையாக வைத்திருக்க முடியாது என்பதால், அந்தப் போலி அலை நீண்டும் குறுகியும் இயற்கையானதைப் போலவே நடிக்கும்.

பதிவான பின் இதை நீக்க எந்த வடிகட்டியாலும் முடியாது. 0.1 ஹெர்ட்ஸில் உள்ள உண்மையான காற்றும் பொய்யான எஞ்சினும் ஒரே எண்ணாகக் கலந்துவிட்டன. மாதிரி எடுப்பதற்கு முன்பே, மின்சுற்றிலேயே, உயர் அதிர்வெண்களைத் தடுக்க வேண்டும். ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் கொண்ட எளிய வடிகட்டி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 10 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸ் துடிப்பு அதில் ஐந்தில் ஒரு பங்காகக் குறையுமே தவிர மறையாது. வினாடிக்கு 1,000 முறை பதிவு செய்து, 80 ஹெர்ட்ஸை 80 ஹெர்ட்ஸாகவே பார்த்து, பிறகு கணினியில் கூர்மையான வடிகட்டியால் நீக்கி, அதன்பின் 20 ஆகக் குறைப்பதையே நான் பரிந்துரைப்பேன். இன்றைய பதிவுக் கருவிகளுக்கு இது ஒரு சுமையே அல்ல.

மின்வழி இரைச்சலைத் தடுக்க என்ன வாங்க வேண்டும்?

அதிகம் இல்லை. முறுக்கிய இணைக்கம்பி, ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யப்பட்ட கவசம், நான்கு கம்பி இணைப்பு, கம்பியைச் சுற்றிப் பொருத்தும் ஃபெரைட் வளையம், உணரிச் சுற்றுக்கென்று தனி மின்கலம் ஆகியவை போதும். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் கடைகளில் இவற்றைச் சில வெள்ளிக்கு வாங்கிவிடலாம். உணரிக் கம்பியைத் தீப்பொறிக் கம்பியோடு சேர்த்துக் கட்டாமல் இருப்பதற்கு அந்தச் செலவும் கிடையாது.

பதிவான பின் எந்த வடிகட்டியைப் பயன்படுத்துவது?

சுழல் வேகம் ஏறத்தாழ நிலையாக இருந்தால், குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் குறுகிய வடிகட்டி போதும். வேகம் ஒரு விழுக்காடு அலைந்தாலும் 80 ஹெர்ட்ஸ் மேடு 0.8 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும் என்பதால், அகலத்தை அதற்கேற்பக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டக் கூட உண்மையான தரவும் சேர்ந்து போகும். வடிகட்டியைத் தரவின் மீது முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெப்பநிலையின் மாற்றங்கள் காலத்தில் பின்தங்கி, வேறொரு கருவி அளந்த காற்றின் வேகத்தோடு பொருந்தாமல் போகும்.

வேகம் அதிகம் மாறும் பறப்புகளில், நேரத்தை விட்டுவிட்டு எஞ்சின் தண்டின் கோணத்தை அளவுகோலாகக் கொள்வது சிறந்த வழி. சுழற்சிக்கு ஒருமுறை துடிக்கும் சுழல்மானியின் சமிக்ஞையையும் கூடவே பதிவு செய்து, வெப்பநிலைத் தரவை ஒவ்வொரு சுழற்சிக்கும் சம எண்ணிக்கையிலான புள்ளிகளாக மாற்றி அமைத்தால், எஞ்சினின் துடிப்பு எவ்வளவு அலைந்தாலும் ஒரே இடத்தில் நிற்கும். நூற்றுக்கணக்கான சுழற்சிகளைச் சராசரி எடுத்தால் காற்றின் தற்செயலான மாற்றங்கள் கரைந்து, எஞ்சினின் வடிவம் மட்டும் மிஞ்சும், அதைக் கழித்துவிடலாம்.

மூன்றாவது வழி தானே கற்றுக்கொள்ளும் வடிகட்டி. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் விட்ரோவும் மார்சியன் ஹாஃபும் 1960-இல் வெளியிட்ட கணக்கு முறையை அடிப்படையாகக் கொண்டு, விட்ரோ குழுவினர் 1975-இல் இரைச்சல் நீக்கத்துக்கு விரிவாக விளக்கிய முறை இது. எஞ்சினை மட்டுமே அறிந்த ஒரு துணைச் சமிக்ஞையை, அதிர்வை அளக்கும் முடுக்கமானியையோ மேலே சொன்ன போலி உணரியையோ கொண்டு பெற்று, அதோடு ஒத்துப்போகும் பகுதியை வெப்பநிலைத் தரவிலிருந்து வடிகட்டி தொடர்ந்து கழித்துக்கொண்டே வரும். துணைச் சமிக்ஞைக்குள் வெப்பநிலை சிறிதளவும் கசியக் கூடாது. கசிந்தால் வடிகட்டி காற்றையும் இரைச்சல் என்று கற்றுக்கொண்டு கழித்துவிடும். முடுக்கமானியில் இந்த ஆபத்து உண்டு: காற்றுக் கொந்தளிப்பு விமானத்தை உலுக்கும்போது அதுவும் உலுங்குகிறது. அதனால் முடுக்கமானியின் தரவில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை முதலில் அகற்றிவிட்டே அதைத் துணையாகக் கொள்வது நல்லது.

திடீர் முட்களைப் போல எழும் புள்ளிகளை என்ன செய்வது?

அவை பெரும்பாலும் தீப்பொறியினாலோ வானொலிப் பொத்தானை அழுத்துவதாலோ வருபவை. சராசரி எடுத்தால் முள் மழுங்கிப் பரவுமே தவிர நீங்காது. ஐந்து புள்ளிகளின் இடைநிலை மதிப்பை எடுங்கள்.

புகைபோக்கியின் சூட்டை எந்த வடிகட்டி நீக்கும்?

எதுவும் நீக்காது. அது துடிப்பாக வருவதில்லை. நிதானமாக, ஒரே பக்கமாக, வெப்பநிலையைக் கூட்டிக் காட்டும். உணரியை விமானத்தின் பக்க இறக்கை நுனிக்கோ, புரொப்பெல்லர் பின்னால் இருக்கும் வானூர்தியில் மூக்குக்கோ நகர்த்துவதுதான் தீர்வு.

சூடு எட்டுகிறதா என்று அறிய, விமானத்தை ஒரே உயரத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சறுக்கிப் பறக்கச் செய்து ஒப்பிடலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் கிடைத்த வளைகோடுகளை ஒப்பிடுவது அதைவிடப் பரவலான வழக்கம். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஏறும்போது எஞ்சின் முழு ஆற்றலில் ஓடுவதால் புகைச் சூடு வெப்பநிலையைக் கூட்டிக் காட்டும். உணரியின் தாமதமும் அதையே செய்யும்: மறுமொழிக் காலம் 5 வினாடி, ஏறும் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்றால், உணரி 15 மீட்டர் கீழே இருந்த காற்றையே சொல்லிக்கொண்டிருக்கும். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிர்வதால், அது சுமார் 0.15 டிகிரிக் கூடுதல் ஆகிறது. இரண்டையும் பிரிக்க, ஏறி முடித்ததும் எஞ்சின் ஆற்றலைக் குறைக்காமல் ஒரு நிமிடம் சமமட்டத்தில் பறக்க வேண்டும். தாமதம் சில வினாடிகளில் மறையும். புகைச் சூடு அப்படியே நிற்கும். சமமட்டத்தில் விமானம் வேகம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உணரியில் மோதி நிற்கும் காற்று வினாடிக்கு 60 மீட்டரில் சுமார் 1.8 டிகிரி சூடாகிறது. அந்த வேகத்தை ஒட்டி ஒவ்வொரு மீட்டர் கூடும்போதும் மேலும் 0.06 டிகிரி கூடும்.

இரைச்சலோடு சேர்த்துக் காற்றையும் நீக்கிவிட்டேனா என்று எப்படித் தெரியும்?

வளைகோடு வழவழப்பாக இருப்பது எதற்கும் சான்றல்ல. நிறமாலையைப் பாருங்கள். கொந்தளிப்பான காற்றில் வெப்பநிலையின் நிறமாலை, அதிர்வெண் கூடக் கூட, மைனஸ் ஐந்தின் கீழ் மூன்று என்ற அடுக்கில் சரிய வேண்டும் என்று அறிவியலாளர்கள் ஒபுகோவும் கோர்சினும் தனித்தனியே 1949-லும் 1951-லும் காட்டினார்கள். 80 ஹெர்ட்ஸில் இருந்த மேடு போன இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், தேவைக்கு மேல் வெட்டிவிட்டீர்கள். சரிவு பாதியில் தட்டையாகிப் படுத்துவிட்டால், அங்கிருந்து மேலே உள்ளது கருவியின் சொந்த இரைச்சல். அதை வடிகட்டி மெருகேற்றுவதில் பயனில்லை.

வெப்பநிலையையும் செங்குத்துக் காற்றையும் பெருக்கி வெப்பப் பாய்வைக் கணக்கிடுபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். எஞ்சின் அதிர்வு இரண்டு கருவிகளையும் ஒரே தாளத்தில் ஆட்டுவதால், அந்தப் பிழைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளாமல் சேர்ந்து நின்று, இல்லாத பாய்வை உண்டாக்கும். எத்தனை நேரம் சராசரி எடுத்தாலும் அது குறையாது.

மின்மோட்டாரில் ஓடும் ஆளில்லா வானூர்தியில் இந்தத் தொல்லை இல்லைதானே?

தீப்பொறியும் புகையும் இல்லை, மற்றவை உண்டு. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று வினாடிக்குப் பல ஆயிரம் முறை மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கிறது. நான்கு சுழலிகளும் வெவ்வேறு வேகத்தில், நொடிக்கு நொடி மாறிச் சுழல்வதால் நான்கு மேடுகள் நிறமாலையில் அலைகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், சுழலிகள் மேலிருக்கும் காற்றை உறிஞ்சிக் கீழே தள்ளுவது. உணரியை அடிப்பகுதியில் தொங்கவிட்டவர் அளப்பது, மின்கலத்தின் சூடும் கலந்த மேல்மட்டக் காற்றை. நண்பகலில் தலைக்கு மேல் நிற்கும் நம் ஊர் வெயிலிலிருந்து உணரியை மறைப்பதும் எஞ்சின் பிரச்சினைக்கு இணையான வேலை.

சிங்கப்பூரில் இதைப் பறக்கவிட்டுச் சோதிக்கலாமா?

வரம்புக்குள் செய்யலாம். 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா வானூர்தியைப் பதிவு செய்ய வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டருக்கு மேலே பறக்கவும், விமான நிலையம் அல்லது விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் ஆகிய ஐந்தையும் சுற்றி வட்டம் வரைந்து பார்த்தால் மிஞ்சும் இடம் எவ்வளவு என்பது புரியும். 60 மீட்டர் என்பது ஏறத்தாழ 20 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் உயரம். உலர்ந்த, நன்கு கலந்த காற்றில் அந்த உயரத்துக்குள் வெப்பநிலை 0.6 டிகிரி மட்டுமே மாறும். 0.1 டிகிரி எஞ்சின் பிழைகூட அங்கே ஆறில் ஒரு பங்கு. எனவே இங்கே இரைச்சல் நீக்கம் ஆடம்பரமல்ல. பறக்காமலே பெரும்பகுதியைச் சோதித்துவிடலாம் என்பதும் உண்மை: புரொப்பெல்லரைக் கழற்றி, மேசையில் மோட்டாரை ஓட்டி, போலி உணரியின் தடத்தைப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

எஞ்சின் ஓசையையே வெப்பநிலையை அளக்கப் பயன்படுத்துகிறார்களாமே?

ஆம். தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆளில்லா வானூர்தியின் ஓசையை விமானத்திலும், தரையில் பரப்பிய ஒலிவாங்கிகளிலும் பதிவு செய்து, ஓசை வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து இடையிலுள்ள காற்றின் வெப்பநிலையையும் காற்றோட்டத்தையும் கணிக்கும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. 600 மீட்டர் பாதையில் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால், ஓசை ஏறத்தாழ 3 மில்லி வினாடி முந்தியோ பிந்தியோ வரும். ஓசையின் திசையில் வினாடிக்கு 0.6 மீட்டர் காற்று வீசினாலும் அதே விளைவு ஏற்படும் என்பதால், பல திசைகளிலிருந்து வரும் கதிர்களைச் சேர்த்தே இரண்டையும் பிரிக்க முடியும்.

நம் தட்பவெப்பத்தில் இதற்கு ஒரு திருத்தம் கட்டாயம். ஈரக்காற்றில் ஒலி சற்று வேகமாகச் செல்லும். ஒரு கிலோகிராம் காற்றில் 20 கிராம் நீராவி இருப்பது சிங்கப்பூர் நண்பகலில் வியப்பான செய்தியல்ல. அந்த ஈரத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஒலி வேகத்திலிருந்து பெறும் வெப்பநிலை சுமார் 3 டிகிரி கூடுதலாக வரும். எஞ்சின் உண்டாக்கும் பிழைகள் பலவற்றைவிட இது பெரியது.

இரைச்சல் நீக்கிய தரவை மட்டும் ஒப்படைத்தால் போதுமா?

போதாது. மூலப் பதிவு, சுழல்மானித் தடம், போலி உணரித் தடம், மாதிரி எடுத்த வேகம், மின்சுற்று வடிகட்டியின் வெட்டு அதிர்வெண் ஆகிய ஐந்தும் கூடவே செல்ல வேண்டும். சுழல்மானித் தடமும் பின்னாளில் மீட்க முடியாத ஒன்று. வெப்பநிலைத் தரவிலேயே 80 ஹெர்ட்ஸ் மேட்டைப் பின்தொடர்ந்து சுழல் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மின்சுற்று நன்றாக அமைந்த விமானத்தில் அந்த மேடு பின்தொடர முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும்.